கடைசி வாய்க்காலுக்கு நான் இட்ட ஆணை

இருபத்துநான்கு வயதுவரை நான் நெருங்கிப் பழகிய ஆண்கள் மூன்றே பேர். அப்பா, தம்பி, எங்கள் பள்ளிக்கூடத்து வாயிற்காவலர். இதில் வாயிற்காவலர் பெரும்பாலும் நித்திரையில் இருப்பார் என்பதால் அவரைக் கணக்கில் சேர்ப்பது அவ்வளவு நியாயமில்லை. ஆனால் அதே காலத்துக்குள் நான் ஏழு தடவை அரசனாகவும், மூன்று தடவை தளபதியாகவும், ஒரு தடவை கள்ளனாகவும் இருந்திருக்கிறேன். ஆண்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பதினொரு பேரிடம் கற்றதுதான். அவர்கள் எல்லோருக்கும் கண்மையால் மீசை வரைந்ததும் நான்தான்.

வவுனியாவில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை படித்தவள் நான். (பெயரைச் சொல்லமாட்டேன். இந்தக் கதையில் பள்ளிக்கூடத்தின்மீது எந்தப் பிழையும் இல்லை. பிழை முழுக்க என்னுடையது.) அங்கே நாடகம் போட்டால் அரசனும் பெண், அரசனின் குதிரையும் பெண். உயரமான பிள்ளைக்குத் தப்ப வழியே கிடையாது. எட்டாம் வகுப்பில் நான் ஐந்தடி ஏழு அங்குலம். நாடகத்துக்குப் பொறுப்பான ரீச்சர் என்னை நடிப்புத் தேர்வுக்குக் கூப்பிட்டதே இல்லை. கிரீடத்தைக் கொண்டுவந்து நேராகத் தலையில் வைத்து அளவு பார்ப்பார். பொருந்தினால் நான் அரசன், இறுகினால் அட்டையை வெட்டி ஒட்டுவார்கள், அப்போதும் நான்தான் அரசன்.

பெண்கள் பள்ளிக்கூடம் நல்லதா கூடாதா என்று யாராவது இன்றைக்கு விவாதம் தொடங்கினால் நான் எங்கள் வகுப்பில் இருந்து படித்த மர வாங்குகளைப் பற்றித்தான் முதலில் பேசுவேன். பரிசளிப்பு விழாவுக்கு முதல்நாள் வகுப்பறை வாங்குகள் எல்லாம் மண்டபத்துக்குப் போகவேண்டும். தூக்கியது நாங்கள். விளையாட்டுப் போட்டிக்குக் கம்பம் நட அலவாங்கு பிடித்துக் கிடங்கு கிண்டியது நாங்கள். வேப்பமரத்தில் ஏறி ஒலிபெருக்கி வயர் கட்டியது என் சிநேகிதி கௌரி. அவள் இன்று மின் பொறியியலாளர். அந்த வேலை அவளுக்கு வேப்பமரத்திலேயே கிடைத்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். "இது ஆம்பிளையளின்ர வேலை" என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. சொல்லியிருந்தாலும் அதைச் செய்ய ஆம்பிளை இல்லை, வாயிற்காவலரை எழுப்பித்தான் செய்விக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது. பதின்மூன்று வருடமும், கையை உயர்த்திய பிள்ளைக்குப் பேசுகிற முறை வந்தே தீரும். சரியாகச் சொல்கிறாளோ பிழையாகச் சொல்கிறாளோ, எழும்பிச் சொல்லி முடிக்கும்வரை மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இது உலகம் முழுவதற்கும் பொதுவான சட்டம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். என் விவசாய டிப்ளோமா காலத்திலும் அந்த நம்பிக்கை கலையவில்லை. அங்கே ஆண்கள் இருந்தார்கள்தான். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் ஒன்றாகவே போய், ஒன்றாகவே இருந்து, ஒன்றாகவே திரும்பி வந்தோம்.

ஆகவே, ஸ்கந்தபுரம் பக்கம் விவசாயிகளின் அலுவல்களைப் பார்க்கிற ஒரு கமநல நிலையத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக நியமனம் கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு உரமூட்டை தூக்கத் தெரியும், சைக்கிளுக்கு ஒட்டுப்போடத் தெரியும், மண் பரிசோதனை தெரியும். முன்பின் தெரியாத ஓர் ஆணோடு சாதாரணமாக நாலு வார்த்தை கதைக்க மட்டும் தெரியாது. என்னிடம் இருந்தது இரண்டே குரல். ஒன்று, வெளியிலேயே வராத குரல். மற்றது அரசனுடைய குரல்.

அந்த நிலையத்தில் எனக்கு முன்பே ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். அமலதாஸ் என்று பெயர். முல்லைத்தீவுக் கரையோரத்தில் கடற்றொழில் செய்யும் குடும்பம். சின்ன வயதிலேயே குருமார் நடத்திய ஓர் ஆண்கள் விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்களாம். என்னைவிட இரண்டு வயது மூப்பு, ஒரு சாண் கட்டை, மெல்லிய உடம்பு. இந்த மூன்றாவது விபரத்தால் அவருடைய பள்ளிக்கூட வாழ்க்கையும் ஒரே வழியில் போயிருக்கிறது. ஒன்பது அரசிகள், ஒரு தாய். ஒவ்வொரு நாடகத்துக்கும் அம்மாவின் சேலை முல்லைத்தீவிலிருந்து பஸ்ஸில் வந்து பஸ்ஸிலேயே திரும்பிப் போகுமாம். "கூறைச்சேலை மட்டும் அம்மா தரேல்ல, மிஸ். அதில எனக்கு இப்பவும் கவலை" என்று ஒருநாள் மிகவும் உண்மையான முகத்தோடு சொன்னார்.

விடுதியில் பெண்கள் இல்லாததால் அங்கே தைத்தது, துவைத்தது, குசினியில் தேங்காய் துருவியது எல்லாம் பெடியள்தான். அமலதாஸ் போடுகிற தேத்தண்ணிக்காகவே சில கமக்காரர்கள் இல்லாத அலுவலை உண்டாக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வருவார்கள். யன்னல் சீலைகளுக்கு விளிம்பு தைத்ததும் அவரே.

எங்கள் பொறுப்பதிகாரி பாலா சேருக்கு இது பொறுக்கவில்லை. நல்ல மனிதர், உலகம் ஒழுங்காக இருக்கவேண்டும் என்று விரும்புகிறவர். நான் மேசையில் ஏறி மின்குமிழ் மாற்றிக்கொண்டிருந்ததையும், கீழே அமலதாஸ் கோப்பை கழுவிக்கொண்டிருந்ததையும் ஒரே நேரத்தில் கண்டுவிட்டார்.

"தங்கச்சி, நீங்கள் இறங்குங்கோ. தம்பி ஏறட்டும். நீங்கள் போய்த் தேத்தண்ணியைப் பாருங்கோ" என்றார்.

இருவரும் கீழ்ப்படிந்தோம். அமலதாஸ் மேசையில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு செபத்தையும் சொல்லி, குமிழைக் கீழே போட்டு உடைத்தார். நான் போட்ட தேத்தண்ணியை பாலா சேர் ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை யன்னலுக்கு வெளியே நின்ற செவ்வரத்தைச் செடிக்கு ஊற்றினார். அடுத்தநாள் தொடக்கம் யார் மேசையில் ஏறுகிறார்கள், யார் கோப்பை கழுவுகிறார்கள் என்று அவர் பார்ப்பதில்லை. (செவ்வரத்தையும் பிறகு தேறிவிட்டது.)

ஆனால் கமக்காரர்களோடு கதைக்கிற அலுவலை யாருடனும் மாற்றிக்கொள்ள முடியாது. பெண்கள் வந்தால் எனக்குப் பிரச்சினை இல்லை, மணிக்கணக்காகக் கதைப்பேன். ஆண்கள் வந்தால் தொண்டை அடைக்கும். அடைப்பை நீக்க மூச்சை இழுத்து வயிற்றிலிருந்து பேசச் சொல்லி நாடக ரீச்சர் பழக்கியிருந்தார். அப்படி இழுத்துப் பேசினால் வருவது அரசன். உர மானியப் படிவத்துக்காக வந்த ஒரு பெரியவரைப் பார்த்து, "வந்த காரியம் யாது?" என்று கேட்டுவிட்டேன். அவர் இரண்டடி பின்னால் போய், வெளியே நின்ற அமலதாஸிடம், "தம்பி, உந்தப் பிள்ளை முந்தி ரிவியில செய்தி வாசிச்சதோ?" என்று விசாரித்தார்.

இந்த நிலையில்தான் சிறுபோகக் கூட்டம் வந்தது.

வன்னியில் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்கிற எல்லோருக்கும் இந்தக் கூட்டம் தெரியும். மாரி மழையோடு செய்கிற காலபோகத்துக்குத் தண்ணீர்ச் சண்டை குறைவு. வெயில்காலச் சிறுபோகத்துக்குக் குளத்தில் எஞ்சியிருப்பதுதான் தண்ணீர். எத்தனை ஏக்கருக்கு அது காணும், போதாவிட்டால் எந்த வாய்க்காலுக்கு விடுவது, எந்தத் திகதி திறப்பது என்று அதிகாரிகளும் கமக்காரர்களும் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். முடிவைக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். எழுதினால் எழுதினதுதான்.

எங்கள் குளத்தின் வாய்க்கால் நீளமானது. தலைவாய்க்காலில் வயல் உள்ளவர்கள் பழைய கமக்காரர்கள், கமக்காரர் அமைப்பின் தலைவர் கதிரேசு அண்ணையும் அவர்களில் ஒருவர். கடைசி வாய்க்காலில் இருந்தவை பெரும்பாலும் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள். அவர்கள் வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் சிறுபோகத் தண்ணீர் மட்டும் அந்த இரண்டு தலைமுறையிலும் அவர்கள் வயல்வரை நடந்து வந்ததில்லை. வழியிலேயே முடிந்துவிடும். அதனால் சிறுபோகப் பட்டியலில் அவர்களுடைய பெயரே வராது. அந்த வருடம் காலபோகமும் வெள்ளத்தில் போயிருந்தது. சிறுபோகமும் இல்லையென்றால் அடுத்த மாரிவரை அந்த வீடுகளில் சொந்த நெல் ஒரு மணி இருக்காது. அதனால் கடைசி வாய்க்கால் பெண்கள் இருபது பேர், மாரியாயி அக்கா என்பவரின் தலைமையில் கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் இருந்தார்கள்.

பாலா சேரும் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் காலையில் கிளிநொச்சிக் கச்சேரியில், அரசாங்க அதிபரோடு ஒரு சந்திப்புக்குப் போயிருந்தார்கள். போகுமுன் சேர் எனக்கு மிகத் தெளிவாகச் சொன்னார்.

"தங்கச்சி, நாங்கள் வரச் சுணங்கினால் அறிவித்தலை மட்டும் வாசியுங்கோ. குளத்தில எவ்வளவு தண்ணி நிக்குது எண்டதை வாசிச்சுப்போட்டுக் கதிரையில இருங்கோ. வேற ஒண்டும் கதைக்க வேண்டாம்."

"ஓம் சேர்" என்றேன். வேறு ஒன்றும் கதைக்காமல் இருப்பதுதான் எனக்கு மிகவும் கைவந்த கலை என்பதால் கவலையே இல்லாமல் சொன்னேன்.

எங்கள் நிலைய மண்டபம் நிறைந்து, வெளியே சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் நிறைந்து, சேர் வரவில்லை. அமலதாஸ் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்றார். நான் சின்ன மேடையில் ஏறி அறிவித்தலை வாசித்தேன். மாரி வெள்ளத்தில் குளக்கட்டைக் காப்பாற்றத் திறந்துவிட்டது போகக் குளத்தில் நிற்கும் தண்ணீர் பாதிக் காணிக்குத்தான் காணும் என்ற வரி முடிந்ததும் மண்டபம் இரைந்தது. எந்தப் பாதி என்பதில் முன்வரிசைகளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நான் சேர் சொன்னபடி கதிரையில் இருந்துவிட்டேன். அந்த நிமிடத்தில் சேர் வந்திருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கடைசி வரிசையில் மாரியாயி அக்கா எழும்பினார். எழும்புவதற்கு முதல் கையை உயர்த்தினார். அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

"ஐயாமாரே, நாங்களும் இந்தக் கொளத்துத் தண்ணியதாங்க..." என்று அவர் தொடங்கினார்.

"அக்கா, இருங்கோ. கடைசி வாய்க்கால் ஆக்கள் பிறகு கதைக்கலாம்" என்றார் ஒருவர்.

"பேரே இல்லை, பிறகென்ன கதை" என்றார் இன்னொருவர். சிலர் சிரித்தார்கள். மாரியாயி அக்கா உயர்த்திய கையை இறக்காமல் நின்றார். மூன்றாவது தடவை வாயைத் திறந்தபோது பக்கத்து வரிசையில் ஒருவர் எழும்பி அவரை மறைத்துக்கொண்டு தன் கதையைச் சொல்லத் தொடங்கினார்.

உயர்த்திய கையைப் பார்த்துக்கொண்டே ஒருவர் அப்படிப் பேசமுடியும் என்பதை நான் அன்றுதான் கண்டேன். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாக இருந்ததையும் கண்டேன். நான் எப்போது எழும்பினேன், எப்போது மைக்கைப் பிடித்தேன் என்பது ஞாபகமில்லை. எனக்குத் தெரிந்தது, என் இடது கை இடுப்பில் இருந்தது, வலது கால் முன்னே வந்திருந்தது, மோவாய் உயர்ந்திருந்தது.

"நிறுத்துங்கள்."

ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது. மண்டபமும் அடங்கியது. தேத்தண்ணித் தட்டோடு அமலதாஸ் நின்ற இடத்திலேயே நின்றார்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் என்னை வீரமங்கை என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் நான் நடித்த எந்த அரசனும் ஒரு வசனத்தோடு நிறுத்தியதில்லை. "நிறுத்துங்கள்" என்றால் அடுத்து ஒரு முழக்கம் வரும், முழக்கம் வந்தால் முடிவில் ஆணை வரும். ஏழு நாடகத்திலும் அதுதான் ஒழுங்கு. என் வாய்க்கு வேறு பழக்கம் இல்லை.

"அந்தப் பெண்மணி பேசி முடிக்கும்வரை இந்த அவையில் எவரும் வாய் திறக்கலாகாது. தலையில் இருப்பவருக்கு ஒரு நீதி, கடையில் இருப்பவருக்கு ஒரு நீதியா? இந்தக் குளத்தின் நீர் கடைசி வாய்க்காலின் கடைசி வயல்வரை பாயும். இது எமது ஆணை."

எமது. மூன்று மாதம் சேவையுள்ள, இன்னும் நிரந்தரமாக்கப்படாத, பயிற்சிக்கால உத்தியோகத்தர் ஒருத்தி சொன்ன சொல் அது.

கடைசி வரிசை எழும்பி நின்று கைதட்டியது. ஓர் இளந்தாரி விசிலடித்தான். மூன்று நான்கு பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்ததை நான் கவனிக்கவில்லை. கமக்காரர் அமைப்பின் செயலாளர், கடமை தவறாத மனிதர், குனிந்து குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். மாரியாயி அக்கா தன் ஆட்களைப் பார்த்து, "கேட்டீங்கதானே? இன்னிக்கே போயி வெத நெல்ல ஊறப் போடுவோம்" என்றார். நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது அந்த வார்த்தையில்தான் எனக்கு விளங்கியது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வைத்திருந்த விதைநெல் அது. ஊறவைத்து விதைத்த பிறகு தண்ணீர் வராவிட்டால் விதையும் இல்லை, சாப்பிட நெல்லும் இல்லை. குளத்தில் தண்ணீர் பாதிக்குத்தான் உண்டு என்று வாசித்தவளும் நான்தான்.

முன்வரிசையில் கதிரேசு அண்ணை எழும்பினார். "அப்ப எங்கட தண்ணியை எடுத்துக் குடுத்தாச்சோ, மிஸ்?" என்று மெதுவாகக் கேட்டார். அதே நேரம் வாசலில் பாலா சேரும் பொறியியலாளரும் வந்து நின்றார்கள்.

இப்போது அரசன் போய்விட்டான். எனக்கு மிஞ்சியது வெளியில் வராத குரல் மட்டும். பள்ளிக்கூட மேடையில் ஆணைக்குப் பிறகு திரை விழும். விழாவிட்டால் அரசன் கம்பீரமாக இடப்பக்கமாக வெளியேற வேண்டும், அங்கே படி இருக்கும், ரீச்சர் தண்ணீர்ப் போத்தலோடு நிற்பார். நான் சில வினாடி திரைக்காகக் காத்திருந்தேன். பிறகு மார்பை நிமிர்த்திக்கொண்டு இடப்பக்கம் நடந்து, அங்கே இருந்த கதவைத் திறந்து, உள்ளே போய், கதவைச் சாத்தினேன்.

அது உரக் களஞ்சியம். வேறு கதவு கிடையாது.

யூரியா மூட்டைகள்மீது இருந்துகொண்டு, என் உத்தியோகம் முடிகிற சத்தத்தைக் கேட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "குறிப்பேட்டில எழுதியாச்சு" என்று செயலாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஆர் எழுதச் சொன்னது?" என்று சேர் கத்தினார். பிறகு மைக்கில் ஒரு குரல் கேட்டது. தாழ்ந்த, அவசரமே இல்லாத குரல்.

"கதிரேசு அண்ணை, ஒரு சின்ன விசயம் கேக்கலாமோ?"

அமலதாஸ். தட்டை எங்கே வைத்தாரோ தெரியாது.

"கேளும் தம்பி."

"போன மாரியில குளக்கட்டு உடையப் பாத்ததெல்லே. அண்டைக்கு மண்மூட்டை சுமந்தது ஆர் ஆர் எண்டு எனக்குச் சரியா ஞாபகம் இல்லை. நீங்கள் அங்க நிண்டனீங்கள், உங்களுக்குத்தான் தெரியும்."

கதிரேசு அண்ணையின் குரல் கொஞ்சம் தணிந்து வந்தது.

"எல்லாரும்தான்" என்றார். பிறகு, "மாரியாயியின்ர ஆக்கள் முதல் வந்தவை" என்றார்.

"கட்டு உடைஞ்சிருந்தால் ஆரின்ர வயல் முதல் போயிருக்கும், அண்ணை?"

"என்ர வயல்தான்."

"ஓம். அதுதான் நான் யோசிக்கிறன், அண்ணை. ஒரு மிஸ் சொல்லி நீங்கள் செய்ய வேண்டாம். அது உங்களுக்கு மரியாதை இல்லை. நாளைக்கு ஆரும் கேட்டால், தலைவாய்க்கால்காரர் தாங்களாத்தான் செய்தவை எண்டு இருக்கோணும். என்ன செய்யலாம் எண்டதை நீங்கள்தான் சொல்லோணும்."

களஞ்சியத்துக்குள் நான் மூட்டையில் நிமிர்ந்து இருந்தேன். இதைப் போலப் பேசுவதை நான் எங்கள் மேடையில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். வாளை உருவிக்கொண்டு நிற்கிற என் முன்னால் வந்து, என்னைப் பிழை என்று ஒரு சொல்லும் சொல்லாமல், என் பெயரையும் என் குலத்தையும் ஞாபகப்படுத்தி, வாளை நானாகவே உறையில் போடவைக்கிற அரசி. ஒத்திகையில் எனக்கு அந்தப் பாத்திரம் எப்போதும் அலுப்பு. எப்போது முடிப்பாள், நான் எப்போது கத்தலாம் என்று நிற்பேன். நாடகத்தில் வேலை முழுவதையும் செய்தது அவள்தான் என்பது யூரியா மூட்டையில் இருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஒன்பது தடவை அரசியாக நின்ற ஒருவருக்கு, கோபத்தில் நிற்கிற ஆண்களோடு எப்படிக் கதைப்பது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. பெண்கள் இல்லாத பள்ளிக்கூடம் அவருக்கு அதைக் கொடுத்திருந்தது. அன்றைக்கு நான் அவரை வியந்ததுபோல இன்றுவரை ஒருவரையும் வியக்கவில்லை.

கதிரேசு அண்ணை தொண்டையைச் செருமினார். "கடைசிவரைக்கும் தண்ணி போகாது. அது கடவுள் சொன்னாலும் போகாது. வாய்க்கால் குடிச்சுப்போடும். ஆனால் தலைவாய்க்காலில நாங்கள் ஆளுக்குப் பாதி வயலைத்தான் செய்யிறது. மற்றப் பாதியை இந்தப் போகத்துக்கு மட்டும் அவைக்குச் செய்யக் குடுப்பம். என்ர அப்பாவின்ர காலத்தில தண்ணி குறைஞ்சால் அப்பிடிச் செய்தவையாம்."

பொறியியலாளர் கணக்குப் பார்த்து, விதைக்கிற வயல் முழுவதும் குளத்துக்குக் கிட்ட இருந்தால் தண்ணீர் காணும் என்றார். முன்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் தலைவர் சொல்லிவிட்டார், அதுவும் கட்டு உடையப் பார்த்த நாளை எல்லோருக்கும் ஞாபகப்படுத்திவிட்டு.

மாரியாயி அக்கா இதோடு மயங்கிவிடுகிற ஆள் இல்லை. "நல்ல மனசுங்க. ஆனா எந்தப் பாதின்னு நீங்களே பிரிச்சுக் குடுத்தா மேட்டுப் பக்கந்தான் எங்களுக்கு வரும். நீங்க ரெண்டாப் பிரிங்க, எந்தப் பாதின்னு நாங்க பாத்து எடுக்குறோம்" என்றார். இப்போது அவரை யாரும் இருக்கச் சொல்லவில்லை. கதிரேசு அண்ணை சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

எல்லாம் முடிந்து, குறிப்பேட்டில் எழுதுவதற்காக மண்டபம் அமைதியாக இருந்த அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. உரத்தூசிக்குள் அரை மணித்தியாலம் இருந்தவளுக்கு வருகிற தும்மல். ஒன்றல்ல, ஏழு. நானே எண்ணினேன்.

"ஆர் உள்ளுக்க?" என்று பொறியியலாளர் கேட்டார்.

"எங்கட ராசா" என்றார் கதிரேசு அண்ணை.

பாலா சேர்தான் கதவைத் திறந்தார். மண்டபம் சிரித்த சிரிப்பை நான் விபரிக்கப் போவதில்லை. விபரித்தும் பயனில்லை, அதன் காணொளி இருக்கிறது. அன்று பின்னேரம் நான் அறைக்குப் போய்ச் சேருமுன்பே கனடாவிலிருந்து சின்னம்மா போன் எடுத்துவிட்டா. "பிள்ளை, வடிவாத்தான் நிண்டனீ. ஆனால் ஏன் அந்த மூட்டை அறைக்குள்ள போனனீ?" என்று கேட்டா. எனக்குப் பேசிவந்த மாப்பிள்ளை, அதாவது இப்போது என் கணவர், அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் பெண் பார்க்க வந்தார். முதல் கேள்வியாக, "வந்த காரியத்தைச் சொல்லலாமா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார். உரப் படிவக் கதை கிளிநொச்சியைத் தாண்டி வவுனியாவரை போயிருந்தது.

அலுவலகத்தில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதிகாரமற்ற ஒருவர் ஏன் ஆணை பிறப்பித்தார் என்பதற்கு மூன்று நாளுக்குள் காரணம் காட்டவேண்டும். மூன்று நாளும் யோசித்து, "நான் பெண்கள் பாடசாலையில் படித்தவள். அங்கே கையை உயர்த்தினால் பேசவிடுவார்கள்" என்று இரண்டே வரி எழுதிக் கொடுத்தேன். நிரந்தர நியமனத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றே நினைத்தேன்.

பாலா சேர் அதை வாசித்துவிட்டு என்னை இருக்கச் சொன்னார்.

"தங்கச்சி, நான் கலவன் பாடசாலை. வகுப்பில பெட்டையள் கையை உயர்த்தேக்க நாங்கள் பின்னாலயிருந்து சத்தம் போடுவம். ரீச்சர் எங்களைத்தான் பாப்பா. அவையள் கையை இறக்கிப்போடுவினம்" என்றார். கடிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தார். "அண்டைக்கும் நான் அங்க நிண்டிருந்தால் மாரியாயியை இருக்கத்தான் சொல்லியிருப்பன். ஆணை மட்டும் இனிப் போடாதேங்கோ."

எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது. அமலதாஸிடம் நான் வெட்கத்தை விட்டுப் போய், ஆண்களோடு சாதாரணமாகக் கதைப்பது எப்படி என்று கேட்டேன். அவர் தன் பங்குக்கு, பெண்களைக் கண்டால் தனக்குத் தலை நிமிராது என்றும், என்னிடம் மட்டும் கதைக்க முடிந்ததற்குக் காரணம் நான் மேசையில் ஏறி நிற்பதைப் பார்த்துப் பழகியதுதான் என்றும் சொன்னார். பிறகு இருவரும் ஒருவரை வைத்து ஒருவர் பழகினோம். அவர் இப்போது புதுக்குடியிருப்புப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். எங்கே தண்ணீர்ச் சண்டை என்றாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள், நானும் கூப்பிடுகிறேன்.

அந்தச் சிறுபோகம் விளைந்தது. அறுவடை முடிந்த வாரம் மாரியாயி அக்கா அலுவலகத்துக்கு வந்து, என் மேசையில் ஒரு கொத்து அளவு புது அரிசியை வைத்தார். அரசாங்க உத்தியோகத்தர் இப்படி ஒன்றும் வாங்கக்கூடாது, அது இலஞ்சமாகிவிடும் என்று எடுத்துச் சொன்னேன்.

"இது லஞ்சம் இல்லைங்க மிஸ்ஸு" என்றார் அவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். "இது வரி. ராசாவுக்குக் குடிமக்க குடுக்குறது."

நான் மறுத்துப் பார்த்தேன். பாலா சேரே வந்து, வரியை வாங்காவிட்டால் அதற்கும் விளக்கம் கேட்பேன் என்றார். அன்றைக்கு அந்த அரிசியை அமலதாஸ் அலுவலகக் குசினியில் பொங்கினார், எல்லோரும் ஒரு கை சாப்பிட்டோம். சாப்பிடும்போது எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை.

அந்தப் பங்கீடு அடுத்த வருடங்களிலும் தொடர்ந்தது, அதன்பிறகு ஒவ்வொரு சிறுபோகத்துக்கும் ஸ்கந்தபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கே வரி வருகிறது. அறுவடை மாதம் பிறந்தால் என் கணவர் காலையில் எழும்பியதும், "குடிகள் வரி கட்டியாச்சோ?" என்று கேட்பார். அம்மா அந்த அரிசியைத் தனித் தகரப் பேணியில் போட்டு வைப்பா. இந்த வருடம் மழை குறைவு. மாரியாயி அக்கா முற்றத்தில் வந்து நின்றுகொண்டு, பையை நீட்டாமல், தொண்டையைச் சரிசெய்தார்.

"இந்தத் தடவ வெளைச்சல் கம்மிங்க. பாதி வரிதான் கொண்டாந்திருக்கேன். ராசா மனசு வைக்கணும்."

என் கணவரும் அம்மாவும் வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மாவரைத்த கையை இடுப்பில் வைத்து, வலது காலை முன்னே வைத்து, மீதி வரியைத் தள்ளுபடி செய்தேன்.